குருதியில் ஏறும் கரட் நிறம்: குளிசை வாங்கலாமா என்ற கேள்வியும் அதன் தொடர்ச்சியும்

14 ஜனவரி 2024, காலை

கந்தப்பளையிலிருந்து வந்த கேள்வி, எழுதியவரின் சொற்களிலேயே: "ஐயா, குருதியில் பீட்டா கரோட்டின் கூடுதலாக உள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் அப்பா முப்பது வருடமாகச் சிகரெட் பிடிக்கிறவர். கரட்டைக் கடித்துத் தின்ன அவருக்குப் பல் இல்லை. பாமசியில் பீட்டா கரோட்டின் குளிசை இருக்கிறது. வாங்கிக் கொடுத்தால் அளவு கூடும், ஆபத்துக் குறையும் அல்லவா?"

முதல் கூற்று சரி. அதிலிருந்து அவர் இறங்கிய முடிவு தவறு. குளிசையை வாங்க வேண்டாம். புகைபிடிக்கிற ஒருவருக்கு அதை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். காரணத்தை மாலையில் எழுதுகிறேன். கரட்டைத் துருவிப் பச்சையாகக் கொடுங்கள், வேகவைத்தால் சத்துப் போய்விடும். அப்பா இப்போது ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

14 ஜனவரி, மாலை

இது விளம்பரக்காரர்கள் கட்டிவிட்ட கதையன்று. மரக்கறியும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், கரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் என்னும் இந்த நிறமி குருதியில் கூடுதலாக இருந்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்ததைப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டோல் உள்ளிட்ட நால்வர் 'நேச்சர்' இதழில், உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஆம் என்று சொல்லவில்லை. குளிசையையும் போலிக் குளிசையையும் சீட்டுக் குலுக்கியதுபோல் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தாலொழியத் தெரியாது என்பதே அவர்களது நிலை. அப்படியே செய்து பார்த்தார்கள்.

15 ஜனவரி

பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈ, ஒரு பகுதியினருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு ஒன்றுமில்லாத போலிக் குளிசை. ஐந்து முதல் எட்டு வருடம் தொடர்ந்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தபோது, கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ஆம், கூடியிருந்தது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட நினைத்தவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து மறுமொழி வந்தது. அங்கே புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள், அஸ்பெஸ்டோஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேருக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினையும் விற்றமின் ஏயையும் சேர்த்தோ போலியையோ கொடுத்த ஆய்வை, நேரம் முடிவதற்கு 21 மாதம் முன்னதாகவே 1996 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த மரணம் 17 சதவீதமும் கூடுதல். அதே ஆண்டில் 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களை 12 வருடம் பின்தொடர்ந்த ஆய்வும் வந்தது. அவர்களில் புகைபிடிப்போர் ஒரு சிறு பகுதியினரே; அங்கே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

கந்தப்பளைக்காரர் கவனிக்க வேண்டியது, இந்த மூன்று ஆய்வுகளில் தீமை கண்ட இரண்டும் அவருடைய அப்பாவைப் போன்றவர்களைக் கொண்டே நடத்தப்பட்டவை என்பதை.

15 ஜனவரி, இரவு

ஒருவர் கேட்கிறார்: குளிசை குருதிக்குள் போய்ச் சேரவில்லையோ? போய்ச் சேர்ந்தது, அதுதான் சங்கடமே. பின்லாந்தில் குருதியிலிருந்த அளவு லீற்றருக்கு 0.17 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமுக்கு, ஏறத்தாழ 17 மடங்கு ஏறியது. எந்த அளவைக் கூட்ட வேண்டும் என்று கேள்வியில் கேட்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவைத்தான் கூட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்றை உறங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் முழு விவகாரத்தின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது. அதே பின்லாந்து ஆய்வில், ஒரு குளிசைகூட விழுங்குவதற்கு முன்னர் எடுத்த குருதியில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருந்தவர்களுக்கு, பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. பழைய அவதானிப்பு பொய்யாகவில்லை. உணவினால் ஏறியிருந்த நிறம் குறைந்த ஆபத்தோடு சேர்ந்து நின்றது, குளிசையால் ஏற்றிய நிறம் கூடிய ஆபத்தோடு சேர்ந்து நின்றது, இரண்டும் ஒரே ஆட்களிடத்தில்.

17 ஜனவரி

திருத்தம். பச்சையாகக் கொடுங்கள் என்று நான் 14ஆந் திகதி எழுதியது அவசரத்தில் எழுதியது. வெலிமடையிலிருந்து ஒரு தங்கச்சி சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பச்சைக் கரட்டில் அது தாவரக் கலத்தின் சுவருக்குள் பூட்டிக்கிடக்கிறது. வேகும்போது சுவர் இளகுகிறது, தேங்காய்ப் பாலோ எண்ணெயோ இருந்தால் குடல் அதை எடுத்துக்கொள்கிறது. பல்லில்லாத மனிதருக்குக் குழைய வெந்த கரட் பாற்கறியை விடப் பொருத்தமானது வேறில்லை. சூட்டில் போவது பெரும்பாலும் விற்றமின் சி. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

20 ஜனவரி

அளவு குருதியில் ஏறினால் எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு என் சொந்தக் கையையே சாட்சியாகச் சொல்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் அரச வைத்தியசாலைகளின் ஆய்வுகூடத்தில் குருதிக் குழாய்களோடு உட்கார்ந்திருந்தவன். ஒரு வருடம் கரட் விலை கிடுகிடுவென்று விழுந்து, தோண்டும் கூலிக்கே கட்டாது என்று பக்கத்துத் தோட்டக்காரர் மூட்டை மூட்டையாக எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றினால் லொறிக் கூலியும் கையை விட்டுப் போகும் என்றார். வீட்டில் இரண்டு மாதம் கரட் கறி, கரட் சம்பல், கரட் சாறு. விருந்தாளி வந்தால் கரட் தோசைகூட. ஒரு நாள் உடன் வேலை செய்தவர் நுணுக்குக்காட்டியின் விளக்கடியில் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு மஞ்சட்காமாலை" என்றார். கை, மஞ்சள் அரைத்துவிட்டுக் கழுவாத கை போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. காமாலையானால் கண் முதலில் மஞ்சளாகும். கரோட்டின் ஏறினால் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் என்று தோல் மட்டும் நிறம் மாறும், கண் மாறாது. என்றாலும் பயம் விடவில்லை. என் குருதியை நானே எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். மேலே பிரிந்து நின்ற தெளிந்த நீர் (சீரம்) நல்லெண்ணெய் போல் பொன்னிறம். காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபினின் சோதனை சாதாரண அளவையே காட்டியது. கரட்டைக் குறைத்துச் சில கிழமைகளில் கை பழைய நிறத்துக்கு வந்தது.

ஆபத்தில்லாத மஞ்சள் அது. உடல் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மீதி நிறமாகவே தேங்கிக் கிடக்கும்.

21 ஜனவரி

பீட்றூட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு குடும்பம். பீட்றூட்டின் சிவப்பு பீட்டலேன் என்னும் நிறமி. தண்ணீரில் கரைவது, கரோட்டினுக்கு உறவில்லாதது. மறுநாள் காலையில் சிறுநீர் சிவந்தால் ஆய்வுகூடத்துக்கு ஓட வேண்டாம். அப்படி ஓடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

28 ஜனவரி

குருதியின் அளவை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்பதை ஆய்வுகூடத்துக்காரனாக எழுதுகிறேன், சற்று நீளும்.

மனிதக் குருதியில் கரோட்டின் குடும்பத்து நிறமிகளில் முக்கியமானவை ஆறு: அல்பா கரோட்டின், பீட்டா கரோட்டின், லைக்கோபீன், லூற்றீன், சீயக்சாந்தின், பீட்டா கிரிப்டோக்சாந்தின். கரட்டும் பூசணியும் முதல் இரண்டையும், தக்காளி லைக்கோபீனையும், வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகள் லூற்றீனையும், பப்பாசி கிரிப்டோக்சாந்தினையும் தருகின்றன. ஒருவருடைய குருதியில் இவை எல்லாம் உயர்ந்திருந்தால், அவர் மரக்கறி சாப்பிடுகிறவர் என்று தெரிகிறது. அதோடு நிற்பதில்லை. புகைபிடிப்பவரின் குருதியில் இவை குறைவு. சாராயம் குடிப்பவருக்கும் குறைவு, உடல் பருத்தவருக்கும் குறைவு. கொழுப்பைச் சுமக்கும் புரதங்களின் முதுகில் ஏறியே இவை குருதியில் போவதால், கொலஸ்ட்ரோல் கூடினால் இவையும் கூடித் தெரியும். உடலில் அழற்சி இருந்தால் இறங்கும். ஆக, சோதனைச் சீட்டில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது, அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதன் பாதி வரலாற்றை நாம் பார்க்கிறோம். நுரையீரலைக் காத்தது அந்த வரலாறா, அந்த நிறமியா என்பதை எண் மட்டும் சொல்லாது.

புற்றுநோய் வந்த பிறகு எடுத்த குருதி இன்னும் மோசமான சாட்சி. நோயாளி சோற்றையே தள்ளிவைக்கிறார். நிறமி இறங்கத்தான் செய்யும். ஆகையால் நல்ல ஆய்வுகள், ஆட்கள் நலமாக இருக்கும்போதே குருதியை எடுத்து உறைகுளிரில் வைத்துவிட்டு, ஆண்டுகள் கழித்து யாருக்கு நோய் வந்ததென்று பார்த்து, அந்தக் குழாய்களை வெளியே எடுக்கின்றன.

வைக்கும் முறையும் முக்கியம். நான் பயிலுநனாக இருந்தபோது பிறந்த குழந்தை ஒன்றின் குழாயைச் சன்னலோரத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். வெயிலில் பிலிருபின் சிதைந்து அளவு இறங்கிவிட்டது. வார்டில் சந்தேகப்பட்டு மீண்டும் குருதி எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சின்னக் குதிக்காலில் இரண்டாந்தரமும் குத்தினோம். கரோட்டினும் வெளிச்சத்துக்கு அப்படித்தான், நிறம் வெளுத்துப் போகும். இவற்றைத் தனித்தனியே பிரித்து அளக்கும் நிறப்பகுப்பியல் என்னும் முறைக்கு 1906இல் பெயர் வைத்த மிக்கையில் சுவெட் என்ற ருசிய தாவரவியலாளர், முதலில் பிரித்துப் பார்த்ததும் இலையிலுள்ள இதே நிறமிகளைத்தான்.

29 ஜனவரி

கந்தப்பளைக்காரர் மீண்டும் எழுதியிருக்கிறார். கரட் பாற்கறி அப்பாவுக்குப் பிடித்ததாம். சிகரெட் எத்தனை என்ற என் கேள்விக்கு மறுமொழி அதில் இல்லை. எத்தனை?

4 பெப்ரவரி

நுரையீரலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நம் லயங்களில் நான் அதிகம் கண்டது வாய்ப் புற்றுநோய்தான். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பதும் அதுவே. எங்கள் அம்மா மலையில் கொழுந்து எடுத்தவர். கூடையும் படங்கும் இல்லாமல் ஒரு நாள் போவாரேயொழிய, இடுப்பில் வெற்றிலைப் பை இல்லாமல் போக மாட்டார். குளிருக்கும் அட்டைக்கும் பசிக்கும் அதுவே துணை என்பார். ஒரு நாள் பல் பிடுங்கப் போன இடத்தில், அவர் வழக்கமாக வெற்றிலையை அடக்கிவைக்கும் வலக் கன்னத்தின் உட்புறத்தில், ஆறின பாலின் ஆடை போல ஒரு வெண்படலம் இருப்பதைப் பல் வைத்தியர் கண்டார். வழித்தால் வரவில்லை. புகையிலையையும் பாக்கையும் விடுங்கள், மூன்று மாதத்தில் வந்து காட்டுங்கள் என்றார்.

இந்தப் படலத்துக்கே பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு கேரளத்தில் நடந்திருக்கிறது; 1997இல் வெளிவந்தது. ஆட்கள் திருவனந்தபுரம் பக்கத்து மீனவக் குடும்பத்தினர். ஒரு வருட முடிவில் போலிக் குளிசை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும், விற்றமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் படலம் முற்றாக மறைந்தது. இதுவரை படித்தால் கையைத் தட்டத் தோன்றும். குளிசையை நிறுத்தியதும் பீட்டா கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும், விற்றமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் படலம் திரும்பி வந்துவிட்டது.

பாக்கைப் பற்றி ஒருவரும் என்னோடு வாதாட வேண்டாம். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் கூட்டிய நிபுணர் குழு முடிவுசெய்து, 2004இல் அது அச்சிலும் வந்துவிட்டது. அம்மா முதலில் புகையிலையை விட்டார். பாக்கை விட இரண்டு வருடம் பிடித்தது. படலம் மெலிந்தது. எந்தக் குளிசையும் எடுக்கவில்லை.

11 பெப்ரவரி

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

1993இல் நானே பீட்டா கரோட்டின் குளிசை வாங்கியிருக்கிறேன். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது, ஒரு நாளுக்கு இரண்டு பெட்டி பிடிக்கும் என் அண்ணனுக்காக, சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிய செந்நிறக் குளிசைகள். படித்தவன் வாங்கி வந்தது என்பதால் அவர் மறுக்காமல் விழுங்கினார். விழுங்கிய கையோடு, இனிப் பயமில்லை என்று ஒன்று பற்றவைப்பார். ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தேன். பின்லாந்துச் செய்தி எங்கள் ஆய்வுகூடத்துக்கு எட்டியபோது மீதிக் குளிசைகளைக் குப்பையில் போட்டேன். அண்ணனிடம் காரணம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு எழுபத்தேழு வயது, ஹட்டனில் நலமாக இருக்கிறார். "அப்படியானால் ஒன்றும் ஆகவில்லையே" என்று எவரும் எழுத வேண்டாம். பின்லாந்துக் கணக்கின்படி, பத்தாயிரம் புகைபிடிப்போரை ஒரு வருடம் பார்த்தால் கரோட்டின் இல்லாதவர்களில் 47.5 பேருக்கும் எடுத்தவர்களில் 56.3 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. வித்தியாசம் ஒன்பதுக்கும் குறைவு. அதை ஓர் அண்ணனை வைத்துக் காணவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த 47.5 எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். அது சிகரெட்டிலிருந்து வருகிறது.

12 பெப்ரவரி

நேற்றையதைப் படித்துவிட்டு, குளிசை எப்படிக் கெடுதல் செய்யும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். முழு விடையும் எவரிடமும் இல்லை, ஆனால் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. ஃபெரட் என்னும், கீரியைப் போன்ற சிறு விலங்கின் குடல் கரோட்டினை நம்மைப் போலவே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெருமளவு பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்த்துக் கொடுத்தபோது, நுரையீரலின் கலங்கள் புற்றுநோய்க்கு முந்திய நிலை போல உருமாறியதை 1999இல் காட்டினார்கள். புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டின் சிதைந்து, அந்தச் சிதைவுத் துண்டுகள் கலத்தை அடக்கிவைக்கும் விற்றமின் ஏயின் வேலையையே குழப்பிவிடுகின்றன என்பது அவர்களது விளக்கம். உணவிலிருந்து வரும் சிறிய அளவு அப்படிச் செய்யவில்லை.

18 பெப்ரவரி

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் குருதி ஆய்வுகளையே இகழ்வதாக ஆகிவிடும். எட்டு நீண்டகால ஆய்வுகளின் குருதிகளை ஒன்றுசேர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2012இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இந்த நிறமிகளின் மொத்த அளவில் மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, அடிமட்டத்தாரைவிட ஆபத்து 19 சதவீதம் குறைவு. ஈஸ்ட்ரஜன் ஏற்பி இல்லாத வகைப் புற்றுநோயில் பீட்டா கரோட்டினோடு சேர்ந்த குறைவு இன்னும் பெரிது. இதை நான் நம்புகிறேன். இது மரக்கறிச் சந்தைக்குப் போகச் சொல்கிறது. பாமசிக்குப் போகச் சொல்வதாக நான் வாசிக்கவில்லை.

சீனாவின் லின்சியன் பகுதியில் பீட்டா கரோட்டின், விற்றமின் ஈ, செலீனியம் மூன்றும் சேர்ந்த குளிசை இரைப்பைப் புற்றுநோய் மரணத்தை 21 சதவீதம் குறைத்ததே என்று ஒருவர் மடக்குகிறார். உண்மை, 1993. உணவிலேயே இவை பற்றாக்குறையாக இருந்த மக்கள் அவர்கள். குறைவாக இருந்ததை நிரப்புவதும், நிரம்பியதன் மேல் 17 மடங்கு ஊற்றுவதும் ஒன்றல்ல.

25 பெப்ரவரி

தேயிலையில் கரோட்டின் உண்டா? பச்சைக் கொழுந்தில் உண்டு. தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, காய்ச்சப்படும்போது அது உடைந்து, தேயிலையின் பூ மணத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எஞ்சியதும் தண்ணீரில் இறங்காது. பிளேன்டீ குடித்துக் குருதியில் கரோட்டின் ஏற்ற முடியாது; மணம் மட்டும் உங்களுக்கு.

3 மார்ச்

தலவாக்கலையிலிருந்து ஓர் அம்மா, விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய்க்குக் கண் வைத்தியர் எழுதிய குளிசையையும் நிறுத்துவதா என்று கேட்கிறார். நிறுத்த வேண்டாம், பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, அதற்குப் பதில் லூற்றீனையும் சீயக்சாந்தினையும் இட்டுப் பார்த்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 2 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 0.9 சதவீதத்தினருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைபிடித்து விட்டவர்கள். உங்கள் பெட்டியில் லூற்றீன் என்றிருந்தால் கவலை இல்லை. பீட்டா கரோட்டின் என்றிருந்து, நீங்கள் எப்போதாவது புகைபிடித்தவராயிருந்தால், அதே வைத்தியரிடம் பெட்டியோடு போங்கள்.

10 மார்ச்

கந்தப்பளைக்காரர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பாமசியில் வாங்கவில்லை, ஆனால் கனடாவிலிருக்கும் அக்கா, அப்பாவுக்கென்று போத்தல் ஒன்றைப் பொதியில் அனுப்பிவிட்டாராம். சுட்டுத்துண்டில் 25,000 அலகு என்றிருக்கிறது. பழைய கணக்கில் ஓர் அலகு 0.6 மைக்கிரோகிராம் பீட்டா கரோட்டின்; ஆக ஒரு குளிசையில் 15 மில்லிகிராம். பின்லாந்தில் கொடுத்தது 20.

"நூறு கிராம் கரட்டிலேயே எட்டு மில்லிகிராம் இருக்கிறதே, அப்படியானால் குளிசை இரண்டு கரட்டுக்குச் சமம்தானே?" என்கிறார். எழுத்தில் சமம், குருதியில் சமமில்லை. கரட்டிலுள்ளதில் பெரும்பகுதி நாரோடு சிக்கிக் குடலைக் கடந்து போய்விடும். குளிசையில் அது ஏற்கனவே எண்ணெயில் கரைந்து, உறிஞ்சத் தயாராக நிற்கிறது. அந்த 17 மடங்கு அப்படி வந்ததுதான்.

அக்காவுக்கு மனவருத்தம் வரும் என்கிறார். என் அண்ணனின் கதையை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள், போத்தலை மூடி அலுமாரியில் வையுங்கள், பாற்கறியை நிறுத்தாதீர்கள்.

நாளுக்கு எத்தனை சிகரெட் என்று நான் கேட்டு எட்டுக் கிழமையாகிறது. குளிசையின் அலகு வந்தது, கறியின் பக்குவம் வந்தது, போத்தலின் படமும் வந்தது. அந்த ஓர் எண் மட்டும் இன்னும் வரவில்லை.